சாலுஸ் நாணயமும் தங்கையின் காலும்

இந்தச் செய்திகளைச் சொல்லத் தொடங்குமுன், அதுவரை நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதைப் பதிவு செய்வது முறை. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் வரலாறு கற்பித்தேன். அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் துறைத்தலைவராக இருந்தேன். ஓய்வுக்குப் பின் எங்கள் கிறிஸ்தவ சபையின் கமிட்டிக்கு இரண்டு முறை போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பணிக்காலம் முழுவதிலும் எந்த மாணவன்மீதும் நான் கை ஓங்கியதில்லை. கல்லூரி வாசலில் இரண்டு கோஷ்டிகள் அரிவாளோடு மோதிய நாளில்கூட நடுவே நின்று, ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்தே பிரித்து அனுப்பினேன். ஒருவனுக்குக் காது தொங்கிக்கொண்டிருந்தது. அவனை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சட்டை முதுகெல்லாம் இரத்தம். மறுநாள் அதே நேரத்துக்கு வகுப்பெடுத்தேன். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். பின்னால் சொல்லப்போவதை இதோடு சேர்த்து நிறுக்க வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

என் ஆய்வுப் பொருள் ரோமப் பேரரசின் நாணயங்களில் பொறிக்கப்பட்ட நோய் தீர்க்கும் தெய்வங்கள். பாம்பு சுற்றிய கோலை ஊன்றி நிற்கும் எஸ்குலாபியுஸ், அவனருகே முக்காடிட்டு நிற்கும் குள்ளத் தெய்வம் டெலெஸ்ஃபோரஸ், இவர்களோடு சாலுஸ் என்ற பெண் தெய்வம். சாலுஸ் ஆசனத்தில் அமர்ந்திருப்பாள். வலக்கையில் ஒரு தட்டு. எதிரே பலிபீடம். பீடத்திலிருந்து ஒரு பாம்பு எழுந்து அந்தத் தட்டில் வாய் வைத்திருக்கும். சுற்றிலும் அவள் பெயரும் பேரரசனின் பட்டமும் இலத்தீனில் இருக்கும்.

இவளைச் சாந்தமான தெய்வம் என்று எண்ணுவோர் பேரரசனின் தலை பொறித்த முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பேரரசன் நோயில் விழுந்து எழுந்தால் சாலுஸை அச்சிடுவார்கள். அவனுக்கு எதிரான சதி கண்டுபிடிக்கப்பட்டு, சதிகாரர்கள் நரம்பை அறுத்துக்கொள்ளும்படி ஆணை பிறந்து, அவர்கள் வீடுகளில் இரத்தம் கழுவப்பட்ட பின்னரும் சாலுஸையே அச்சிடுவார்கள். இரண்டும் அரசனின் உடல்நலம்தானே. உடன் ஆண்ட தம்பியைத் தாயின் மடியிலேயே வெட்டிக் கொல்லச் செய்த ஒருவன், பிற்காலத்தில் உடலும் மனமும் நோயுற்று, எஸ்குலாபியுஸின் கோயிலில் போய்க் கிடந்தான். அவன் நாணயங்களில் அந்தத் தெய்வம் மிக அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்பெஞ்சுகூட அமைதியாகிவிடும்.

என்னிடம் ஒரு சாலுஸ் வெள்ளி நாணயம் இருந்தது. ஆய்வுக் காலத்தில் மதுரையில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. முன்பக்கத்தில் பேரரசனின் கழுத்துக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு. உள்ளே செம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்க, நம் நாட்டு வணிகன் எவனோ அரசன் கழுத்தைப் பாதி அறுத்திருக்கிறான். மறுபக்கத்தில் சாலுஸுக்கு ஒரு கீறல் இல்லை.

என் தங்கை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்கு அருகே வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவருக்குச் சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறிகள். மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவர். நல்ல உழைப்பாளி, நல்ல பாடகர், பிடிவாதக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் சுகமளிக்கும் கூட்டங்களில் ஈடுபாடு கொண்டு, பிறகு தாமே வீட்டில் அத்தகைய ஜெபக்கூட்டம் நடத்தலானார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். எங்களுக்குள் சண்டை இருந்ததில்லை. கேலி இருந்தது. மாத்திரை விழுங்குகிறவர்களை அவர் கேலி செய்வார். அவருடைய துணி எந்த வார்டில் எந்தப் புண்ணைக் கட்டுகிறது என்று நான் கேட்பேன்.

தங்கை சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். அவள்தான் என்னைப் பேச அழைத்தாள். தலைப்பைக் கேட்ட குருவானவர், "சார், தெய்வங்கள்னு போட வேண்டாம். பழைய நாணயங்கள்னு போட்டுக்கலாம்," என்றார். ஒப்புக்கொண்டேன். நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். நாணயம் ஒரு கண்ணாடிப் பெட்டியில் கைமாறியது.

"இது என்ன சார், எங்க பக்கத்து வீட்டம்மா வெள்ளிக்கிழம புத்துக்குப் பால் ஊத்துற மாதிரில்ல இருக்கு," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"ரோமாபுரியிலயும் பொம்பளைக்குத்தான் இந்த வேலை," என்றார் அடுத்தவர். கூடம் சிரித்தது.

சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. என் ஆயுள் உழைப்பு புற்றுக்குப் பால் ஊற்றுவதாக முடிவதை நான் விரும்பவில்லை. ஆகவே ஒரு காரியம் செய்தேன். பேரரசனின் நாணயத்தில் சாலுஸ் என்றால் அவன் மேனி நலம், அவன் உயிர்ப் பாதுகாப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அதே சொல் பிற்கால இலத்தீன் திருச்சபையில் வேறொரு பொருளுக்கு உயர்ந்தது. அந்தப் பொருளை எடுத்து இந்தக் காசின்மீது வைத்தேன். "சகோதரிகளே, இதில் பொறித்திருக்கும் சொல்லுக்குத் தமிழில் இரட்சிப்பு என்று பொருள்," என்றேன். கூடம் அடங்கியது. பின்னாலிருந்து ஓர் ஆமென் வந்தது. குருவானவர் எழுந்து என் கையைக் குலுக்கினார். மொழிபெயர்ப்பில் பிழை செய்யும் மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான். அன்று தெரிந்தே செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஓடிக்கொண்டிருந்த தறியிலிருந்து, குறுக்கு நூலை ஓட்டும் நாடாக்கட்டை தெறித்து அதன் இரும்பு முனை தங்கையின் கால் பெருவிரலைக் கிழித்தது. அவளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. செய்தி கேட்டு மறுவாரம் போனேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தறியிலிருந்து நேராக அறுத்த, சலவைக்கே போகாத பேண்டேஜ் துணியில் கால் சுற்றப்பட்டிருந்தது.

"டாக்டரிடம் காட்டினாயா?"

"ஊசி போட்டாச்சு அண்ணே. சுகந்தான். ஒங்களுக்குத்தான் முகம் வாடிப் போச்சு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்த இரட்சிப்புக் காசக் கொஞ்ச நா எங்கிட்டத் தாங்களேன். அவியளுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள், கணவரை மனத்தில் வைத்து.

"அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?"

"ஒண்ணுஞ் செய்யல. தலமாட்டுல கெடக்கட்டும். நீங்க அன்னைக்குச் சொன்னது மனசுக்குள்ளயே நிக்கி."

கட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் பேச்சு ஒருத்தியின் மனத்தில் நின்றது என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய், மறுநாளே நாணயத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன் பிறகு மகன் வீட்டுக்குச் சென்னைக்குப் போய் ஒரு மாதம் தங்கினேன். வாரம் இருமுறை தொலைபேசியில் பேசுவேன். "சுகமா?" என்பேன். "சுகந்தான் அண்ணே," என்பாள். எங்கள் சபையாருக்கு அது வெறும் நலம் விசாரிக்கும் சொல் அல்ல. நோய் தீர்ந்தது என்பதற்கும் அதுதான் சொல். எந்தப் பொருளில் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு, அவள் வீட்டுக்கு அடுத்த கறிக்கடைக்காரர் அழைத்தார். தெருவில் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். என்னிடம் அதுவரை இரண்டு சொல்லுக்கு மேல் பேசியறியாதவர்.

"சார், ஒங்க தங்கச்சி வீட்ல ஒரே சத்தம். சுத்தியல வச்சு என்னத்தையோ அடிக்காரு. அந்தம்மா அழுவுது. நான் உள்ள போவ முடியாது, குடும்ப விசயம். ஆனா ஒண்ணு சொல்லுதேன். நான் கறி வெட்டுறவன். கெட்டுப்போன கறி வாடை எனக்குத் தெரியும். நாலு நாளா அந்தச் சன்னல்லேருந்து அதே வாடை வருது. ஒடனே வாங்க."

காரில் இருபத்தைந்து நிமிடம். தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பாய் தம் கடைப்பலகையை இறக்கிவிட்டு, ஏப்ரனோடு கடை வாசலில் நின்றார். மாப்பிள்ளை தம் வீட்டு வாசலை மறித்து நின்றார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கையில் தறிக்கு ஆணி அடிக்கும் சுத்தியல். உள்ளே தங்கையின் முனகல். வாடை எனக்கும் தெரிந்தது. அதற்குக் கறி வெட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"வந்துட்டாருய்யா, பாம்புக்குப் பாலூத்துற புரொபசர்," என்றார் தெருவைப் பார்த்து.

"மாப்பிள்ளை, வழி விடுங்கள். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்."

"எதுக்கு? கால வெட்டுறதுக்கா? நாப்பது நா உபவாசம் இருக்கேன் மச்சான். இன்னைக்கு முப்பத்தேழு. இன்னும் மூணே நா. எந்திரிச்சு நடப்பா. இத்தன நா ஏன் சுகம் வரலைன்னு இன்னைக்குல்ல தெரிஞ்சுது. தலமாட்டுல சர்ப்பத்த வச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. கேட்டா அண்ணன் தந்தது, இரட்சிப்புங்கா. நீங்க படிச்சவுகதான மச்சான், ஒரு பாம்பாட்டிச் சிறுக்கிக்கு அந்தப் பேர வைக்க ஒங்களுக்கு நாக்கு எப்படித் திரும்புச்சு?"

"அது என் பிழை. பிறகு பேசலாம். வழி விடுங்கள்."

"வேதத்துல, வனாந்தரத்துல சனங்களுக்குச் சுகத்துக்குன்னு தூக்குன வெண்கலச் சர்ப்பத்தையே பொறவு ஒரு ராசா ஒடச்சுப் போட்டாம். நான் ஒங்க வெள்ளிச் சர்ப்பத்த ஒடச்சேன். படியில கெடக்கு, பொறுக்கிக்கோங்க. பொறுக்கிட்டுப் போயிருங்க."

அவரைச் சுற்றிப் போக முயன்றேன். மார்பில் கைவைத்துத் தள்ளினார். பின்னால் இரண்டடி போய்ச் சுவரில் மோதினேன். அப்போது தங்கை உள்ளிருந்து என்னை அழைத்தாள். சொல் தெளிவாக இல்லை. நாக்குக் குழறியது.

அடித்தேன். முதல் அடி திறந்த கையால், கன்னத்தில். அவர் தலை கதவு நிலையில் இடித்தது. சுத்தியல் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்தது. ஆயினும் நகரவில்லை. நிலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "கொன்னு போடுங்க மச்சான், வழி விட மாட்டேன்," என்றார். இரண்டாம் அடி மூடிய கையால். உதடு கிழிந்து இரத்தம் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. பிடியை விட்டுச் சுவரோரம் சாய்ந்தார். வழி திறந்தது. மூன்றாம் அடியை மேலிருந்து கீழாக, தாடையில் அடித்தேன். ஏதோ முறிந்தது. அவருடைய தாடை எலும்பு ஒன்று, என் சுண்டுவிரல் எலும்பு ஒன்று. அந்தச் சத்தத்தில் எது எதனுடையது என்று எனக்குத் தெரியவில்லை. கையை மறுபடி ஓங்கியபோது பாய் பின்னாலிருந்து என் இரு தோளையும் சேர்த்துப் பிடித்தார்.

"விடுங்க சார். அவிய வழி விட்டுட்டாக. செத்துருவாக சார், விடுங்க."

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து இரண்டு பற்களை உள்ளங்கையில் துப்பினார். அவற்றுக்குப் பக்கத்தில் என் நாணயம் நான்கு துண்டுகளாகக் கிடந்தது. ஈராயிரம் ஆண்டு பழைய வெள்ளி தட்டினால் நசுங்காது. உள்ளுக்குள் பொரிந்துபோயிருக்கும், மண்சட்டி போல உடையும். இதையும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே போனோம். துணியைப் பிரித்தேன். பெருவிரல் கரியாயிருந்தது. அடுத்த இரு விரல்களும் அப்படியே. கருமை புறங்காலைத் தாண்டிக் கணுக்காலுக்குக் கீழே நின்றது. அதற்குமேல் சிவப்பு. ஈ மொய்த்தது. பாய் வேறு பக்கம் பார்க்கவில்லை. "தூக்குங்க சார், தலப்பக்கம் நீங்க," என்றார். அவருடைய லோடு ஆட்டோவில், ஆடு ஏற்றும் பின்தட்டில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தோம். தெருவில் நின்றவர்களில் ஒரு பெண்மட்டும் ஏறித் தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ராஜபாளையம் வரையில் வழிநெடுகத் தங்கை என் உடைந்த கையையே பற்றியிருந்தாள்.

அறுவை மருத்துவர் பார்த்தவுடன், "முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே. விஷம் இரத்தத்துல ஏறிருச்சு. நாளைக்குன்னா உயிருக்கு நான் பேச முடியாது," என்றார். மூன்று வாரத்துக்கு முன்பு வந்திருந்தால் விரலோடு போயிருக்குமா என்று கேட்டேன். "பெரும்பாலும்," என்றார். தங்கையே கையெழுத்திட்டாள். எழுத்து அவளுடையது போலவே இல்லை.

அறுவைக் கூடத்துக்கு வெளியே என் விரலுக்கு மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அங்கே எனக்கு வேறொரு நாணயம் நினைவுக்கு வந்தது. வைகை மணலில் படிக்கணக்கில் கிடைத்த, சிறுபயறளவே உள்ள பிற்காலச் செப்புக்காசு. அதிலும் சாலுஸ் என்ற சொல் இருக்கிறது, நாட்டின் நலம் என்ற பொருளில். ஆனால் தெய்வத்தைக் காணோம். தட்டு இல்லை, பாம்பு இல்லை. சிறகு முளைத்த வெற்றித்தேவதை, கைதி ஒருவனைத் தலைமயிரைப் பற்றித் தரதரவென்று இழுத்துப் போகிறாள். பேரரசு தளர்ந்த காலத்தில் நலம் என்பதற்கு அவர்களுக்கு வேறு படம் கிடைக்கவில்லை என்று என் ஆய்வேட்டில் எழுதியிருந்தேன். தேர்வாளர்கள் அந்த வரியைப் பாராட்டினார்கள். அந்த நாற்காலியில் அமர்ந்து யோசித்தபோது, கைதியின் பக்கத்திலிருந்து அந்தக் காசை நான் ஒருபோதும் பார்த்ததில்லை என்பது புரிந்தது.

தங்கை பிழைத்தாள். ஐந்தாம் நாள் பேசினாள்.

"காசு ஒடஞ்சுபோச்சு அண்ணே. அவிய புடுங்கும்போது நான் விட்ருக்கக் கூடாது."

"காசு கிடக்கட்டும். நீ ஏன் காலைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா வெட்டச் சொல்லுவிய. அவிய ஜெபத்துலயும் நம்பிக்க இருந்துச்சு, நீங்க சொன்ன சொல்லுலயும் நம்பிக்க இருந்துச்சு. ரெண்டுல ஒண்ணு நிக்காமலா போவும்னு நெனச்சேன்."

அந்தச் சொல்லுக்கு அந்தக் காசில் அப்படிப் பொருள் இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஆய்வேட்டில் எப்படி எழுதினேனோ அப்படியே, சதி, கொலை, அரசனின் மேனி நலம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாம்ல அண்ணே," என்றாள். குரலில் கோபம் இல்லை.

தாடை முறிந்ததால் காவல் நிலையத்துக்குத் தகவல் போயிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது, மாப்பிள்ளை தாடையைக் கம்பியில் கட்டியிருந்ததால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: படியில் வழுக்கி விழுந்தேன். தங்கையும் அதையே சொன்னாள். தெருவும் அதையே சொன்னது. பாய் மட்டும், "நான் ஒண்ணும் பாக்கல சார். கடையில இருந்தேன்," என்றார். என்னிடம் கேட்டபோது நானும் மறுக்கவில்லை. அந்தக் கோப்பு அவ்வாறே மூடப்பட்டது. அன்றைக்கு என் பெயர் எனக்கு முக்கியமாக இருந்தது.

சபையில் வேறு கதை உலவியது. விக்கிரகம் ஒன்றை உடைத்ததற்காகப் பேராசிரியர் தங்கை கணவரைத் தாக்கினார் என்றும், வீட்டில் அவர் நாகத்துக்கு விளக்கேற்றுகிறார் என்றும் பேசினார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். "சார், வெள்ளிக்காசு பெருசா, மனுசன் தாட பெருசா?" எழுந்து வந்து, அன்று மாலையே விலகல் கடிதம் கொடுத்தேன். நான் நீக்கப்பட்டதாகச் சொல்வோர் பதிவேட்டைப் பார்க்கலாம்.

மாப்பிள்ளை இப்போது தங்கைக்குப் பொய்க்கால் மாட்டிவிடுகிறார். கட்டும் துணி அவருடைய தறித் துணிதான், சலவைக்குப் போய் வந்தது. அவர் தாடை சற்றுக் கோணலாகவே கூடியிருக்கிறது. பாடும்போது சில எழுத்துகள் வழுவுகின்றன. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சென்ற மாதம் தங்கையின் மகன் திருமணப் பேச்சில், என் வீட்டார் பெண் வீட்டாரிடம் அந்தப் பழைய வழுக்கிய படியின் கதையை மறுபடி சொன்னார்கள். நான் அங்கே இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள், என் மதிப்பைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து. அதனாலேயே இதை எழுத உட்கார்ந்தேன்.

படி அன்று உலர்ந்திருந்தது. அவர் வழுக்கவில்லை, விழவுமில்லை. நான் மூன்று முறை அடித்தேன். நாணயத்துக்காக அடித்தேன் என்று சபையார் சொல்வதும் தவறு. முதல் இரண்டு அடியும் வாசலுக்காக. மூன்றாவது மட்டுமே நாணயத்துக்காக.